ஜெர்மன் நாடக மேடையின் தந்தை கொன்ராட் எக்ஹோஃப்



இம்மலரில் ஆண்டுதோறும் ஒரு பெரியாரின் வரலாற்றை நாம் எழுதி வருகிறோம். நாட்டுத் தலைவர்களைப் பற்றி எழுதினோம். அறிவியல் அறிஞர்களைப் பற்றியும் எழுதினோம். இவ்வாண்டு ஒரு நடிகரின் வரலாற்றை எடுத்துக் கொண்டோம். நடிகர் என்றவுடன் திரைப்பட நடிகரை எண்ணிவிட வேண்டா. நாம் கூறவிருப்பவர் திரைப்படம் என்னும் கலை பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முன்னரே மறைந்தவர். ஜெர்மானிய நாட்டினர். பெயர் கொன்ராட் எக்ஹோஃப். ஐரோப்பிய நாடக வரலாற்றைப் பயில்வோர் எவரும் இப்பெயரைக் கடந்து செல்ல இயலாது.

இவரை நமக்கு நினைவூட்டியது நம் பள்ளி ஆண்டு விழா ஒத்திகையே. மன்னன் வேடம் கிட்டாமல் வாயிற்காவலன் வேடம் பெற்ற மாணவன் ஒருவன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் பேச வேண்டியவை இரண்டே வரிகள். அவனுக்குச் சொல்ல எண்ணியதை இங்கே எல்லார்க்குமாக எழுதுகிறோம்.

எக்ஹோஃப் 1720ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் ஹாம்பர்க் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தையார் நகரக் காவற்படையில் ஒரு சாதாரண வீரர். அந்த வருவாய் போதாமையால் தையல் வேலையும் செய்தவர். செல்வம் இல்லாத வீட்டில் பிள்ளைக்குக் கிடைத்த பெரும்பேறு எழுத்தறிவுதான். கையெழுத்து நன்றாக இருந்தது. அதனால் இளமையிலேயே ஓர் அலுவலகத்தில் எழுத்து வேலை கிடைத்தது. நம் தோட்டத்தில் கிராணி என்கிறோமே, அத்தகைய வேலை. அக்காலத்தில் ஹாம்பர்க் நகரில் அயல்நாடுகள் தத்தம் அஞ்சல் நிலையங்களை வைத்திருந்தன. சுவீடன் நாட்டு அஞ்சல் அதிகாரி ஒருவரிடம் எக்ஹோஃப் எழுத்தராகச் சேர்ந்தார்.

அங்கேதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிய நிகழ்ச்சி நடந்தது. அதிகாரியின் மனைவியார் தம் குதிரை வண்டியில் வெளியே செல்லும்போது பின்புறத்துப் படியில் ஓர் ஏவலன் நின்று வர வேண்டும் என்று விரும்பினார். அக்காலத்துச் செல்வர் வீடுகளில் அஃது ஒரு பெருமை. அலுவலகத்தில் எழுதிக் கொண்டிருந்த இளைஞனை அழைத்து, வண்டியின் பின்னே நின்று வருமாறு ஆணையிட்டார். எக்ஹோஃப் மறுத்தார். வேலையும் போயிற்று.

ஏவல் வேலை இழிவானது என்று எக்ஹோஃப் கருதினார் என நாம் நினைக்கவில்லை. தாம் எந்த வேலைக்கு அமர்த்தப்பட்டோமோ அந்த வேலையைச் செய்யவே அவர் ஒப்பினார். ஒருவரை ஒரு பணிக்கு அழைத்து, அழகுக்காகவும் ஆடம்பரத்திற்காகவும் மற்றொரு பணியில் நிறுத்துவதை அவர் ஏற்கவில்லை. தோட்டத்து மூத்தோர்க்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

வேலை இழந்தவர் ஹாம்பர்க் நகரை விட்டு, கிழக்கே ஷுவெரின் என்னும் சிற்றூருக்குச் சென்றார். மெக்லன்பர்க் கோமகனின் தலைநகர் அது. அங்கே ஒரு வழக்கறிஞரிடம் மீண்டும் எழுத்து வேலை. அந்த வழக்கறிஞரின் வீட்டில் நல்லதொரு நூலகம் இருந்தது. அதில் நாடக நூல்கள் மிகுதி. பகலில் வழக்கு ஏடுகளைப் படியெடுத்தவர் ஓய்ந்த வேளையில் நாடகங்களைப் படித்தார். பள்ளிப் படிப்பு குறைவாய் அமைந்த அவ்விளைஞர்க்கு அந்நூலகமே கல்லூரி ஆயிற்று.

இனி அக்கால நாடகத்தின் நிலையைச் சிறிது கூறியாக வேண்டும். இன்று நாம் ஜெர்மனி என்று ஒரே நாடாகச் சொல்லும் நிலம் அன்று பல நூறு சிற்றரசுகளாகவும் தன்னாட்சி நகரங்களாகவும் சிதறிக் கிடந்தது. அரண்மனைகளில் பிரெஞ்சு நடிகர்க்கும் இத்தாலியப் பாடகர்க்கும் வரவேற்பு இருந்தது. சொந்த மொழியான ஜெர்மன் மொழியில் நடிப்போர்க்கு நிலையான அரங்கு இல்லை. அவர்கள் குழுக்களாகச் சேர்ந்து, திரைகளையும் உடைகளையும் வண்டியில் ஏற்றிக் கொண்டு ஊர் ஊராகத் திரிந்தனர். ஒவ்வோர் ஊரிலும் ஆட்சியாளரிடம் இசைவு பெற வேண்டும். சந்தை கூடும் இடத்திலோ மரக் கொட்டகையிலோ ஆடுவர். நோன்புக் காலத்தில் ஆட்டம் கூடாது. அரச குடும்பத்தில் யாரேனும் இறந்தால் துக்கக் காலத்திலும் கூடாது. ஆட்டம் இல்லையேல் உணவும் இல்லை. ஊரார் இரவில் அவர்களைக் கண்டு சிரித்து, பகலில் அவர்களோடு பேசக் கூசினர். நடிகர்க்குத் திருச்சடங்குகளையும், இறந்தால் புனித நிலத்தில் இடத்தையும் மறுத்த குருமார் பலர். ஜெர்மன் நாடகத்தைச் சீர்திருத்த முதலில் முனைந்த கரோலின நொய்பர் அம்மையார் 1760இல் வறுமையில் இறந்தபோது, அவருக்கும் முறையான அடக்கம் மறுக்கப்பட்டதாகச் சொல்வர்.

இத்தகைய தொழிலுக்குள்தான், வண்டியின் பின்னே நிற்க மறுத்த அந்த இளைஞர் தாமாகவே நுழைந்தார். நம் போன்றோர் அன்று அவர்க்கு அண்டை வீட்டில் இருந்திருந்தால், வேண்டாம் தம்பி என்றே சொல்லியிருப்போம்.

நொய்பர் அம்மையாரின் குழுவில் இருந்து பிரிந்து வந்த ஷேனமான் என்பவர் புதிய குழு ஒன்றைத் தொடங்கினார். அக்குழு 1740ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் லூனபர்க் நகரில் தன் முதல் ஆட்டத்தை நடத்தியது. பிரெஞ்சுப் புலவர் இராசீன் எழுதிய மித்ரிதாத் என்னும் துன்பியல் நாடகம் அது. அதில் இளவரசன் வேடத்தில் முதன்முதலாக மேடையேறினார் எக்ஹோஃப். அப்போது வயது 19.

முதல் ஆட்டத்திலேயே புகழ் வந்து குவிந்தது என்று எழுத நமக்கும் ஆசைதான். ஆனால் அவ்வாறு நிகழவில்லை. எக்ஹோஃப் பார்வைக்கு எடுப்பானவர் அல்லர். குள்ளமான உருவம், தூக்கிய தோள்கள், எலும்பு தெரியும் உடற்கட்டு. இளவரசனாகவும் வீரனாகவும் வர வேண்டியவர்க்கு இவை பெருந்தடைகள். அவரிடம் இருந்தது குரல் ஒன்றே. ஒலிபெருக்கி இல்லாத காலம். மெழுகுத்திரி வெளிச்சத்தில், பேச்சும் இரைச்சலுமாக இருக்கும் கொட்டகையில், கடைசி வரிசை வரை கேட்கவும் வேண்டும், கத்துவதாகவும் இருக்கலாகாது. அவர் குரல் வலிமையும் இனிமையும் ஒருங்கே பெற்றது என்று அவரைக் கேட்டவர்கள் எழுதி வைத்துள்ளனர்.

அக்குரலை அவர் பயன்படுத்திய முறையே புதுமையானது. அன்றைய நடிகர்கள் பிரெஞ்சு முறையைப் பின்பற்றினர். காலை நடனமாடுவோர்போல் எடுத்து வைப்பர். கையை வரையறுத்த உயரத்திற்குத் தூக்குவர். செய்யுள் வரிகளை வரிக்கு வரி நிறுத்தி இராகம் போட்டு ஒப்பிப்பர். எக்ஹோஃப் தொடக்கத்தில் அம்முறையைத்தான் கற்றார். நாளடைவில் அதனை விட்டு விலகினார். வரி முடியும் இடத்தில் நிறுத்தாமல் பொருள் முடியும் இடத்தில் நிறுத்தினார். அரசன் பேசினால் அரசனாகவும், தந்தை பேசினால் தந்தையாகவும் தோன்றுமாறு பேசினார். நம் வகுப்பறைகளில் செய்யுளை இழுத்து இழுத்து ஒப்பிக்கும் பழக்கத்தை நீக்க முப்பது ஆண்டுகளாக முயன்று வருகிற நமக்கு, அது எத்துணைக் கடினமான செயல் என்பது நன்கு தெரியும். பழகிய ஓசையை விடுவது எளிதன்று.

ஷேனமான் குழுவில் அவர் 17 ஆண்டுகள் இருந்தார். நடித்ததோடு பிரெஞ்சு நாடகங்களைத் தம் மொழியில் பெயர்த்தும் கொடுத்தார். குழுத் தலைவர் ஒருவரின் மகளும் நடிகையுமான கியோர்கின ஸ்பீகல்பர்க் என்பவரை மணந்தார். அம்மையார் பிற்காலத்தில் மனநோய்க்கு ஆளாகி நெடுங்காலம் துன்புற்றார். மேடையில் ஊரையே சிரிக்க வைத்த எக்ஹோஃப் வீட்டில் இச்சுமையைத் தாங்கி வந்தவர்.

1751 முதல் ஷேனமான் குழுவிற்கு ஷுவெரின் கோமகனின் ஆதரவு கிட்டியது. சில ஆண்டுகளுக்கு ஊர் ஊராகத் திரியும் தொல்லை குறைந்தது. ஒரு காலத்தில் வழக்கு ஏடுகளைப் படியெடுத்த அதே ஊருக்கு எக்ஹோஃப் நடிகராக வந்து சேர்ந்தார். வயிற்றுக் கவலை சற்றுக் குறைந்த அந்நாளில் பிறர் ஓய்வெடுத்திருப்பர். எக்ஹோஃப் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய செயல்கள் அனைத்திலும் நம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது இதுவே.

1753ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அக்குழுவின் நடிகர்களைக் கூட்டி, நடிகர் கழகம் ஒன்றை அமைத்தார். ஜெர்மன் நாட்டில் நடிப்புக் கலைக்கென ஏற்பட்ட முதற் கல்விக் கழகம் அதுவே. அதில் வெளியிலிருந்து வந்த ஆசிரியர் எவரும் இலர். நடிகர்களே மாணவர், நடிகர்களே ஆசிரியர். இரு வாரங்களுக்கு ஒருமுறை கூடுவர். அடுத்து ஆடவிருக்கும் நாடகத்தை உரக்கப் படிப்பர். ஒவ்வொரு பாத்திரமும் எத்தகையது, ஏன் அவ்வாறு பேசுகிறது, அதனை எவ்வாறு நடிக்க வேண்டும் என்று ஆராய்வர். ஆடி முடித்த நாடகத்தில் நேர்ந்த குறைகளைப் பகையின்றி எடுத்துக் கூறுவர். மேடைக்கு வெளியே, ஊரார் நடுவில் நடிகன் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதும் அங்கே பாடமாயிற்று. கூட்டம்தோறும் குறிப்பு எழுதப் பெற்றது. பழைய எழுத்தர் அல்லரா! அந்தக் குறிப்புகள் அழியாமல் காக்கப்பட்டு, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் நூலாகவும் அச்சேறின.

மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் நடிப்புக்கும் ஓர் இலக்கணம் உண்டு. அதனைக் கற்காமல் நடிப்பவன் எழுத்தறியாமல் ஏடு புரட்டுபவன் ஆவான் என்பது எக்ஹோஃபின் கொள்கை. அழகோ பிறவித் திறமையோ மட்டும் போதும் என்று எண்ணியிருந்த அக்காலத்தில் இது புதிய கருத்து. இதில் மற்றொரு நோக்கமும் அடங்கியிருந்ததாக நாம் கருதுகிறோம். ஊரார் நடிகரை மதிக்கவில்லை. மதிக்க வேண்டும் என்று சண்டையிட்டால் மதித்து விடுவார்களா? தாம் செய்யும் தொழில் கற்றுத் தேற வேண்டிய ஒன்று என்பதை நடிகர்கள் முதலில் தாங்களே நம்ப வேண்டும் என்று அவர் கண்டார்.

கழகம் நெடுநாள் நிலைக்கவில்லை. சிலர் வராமல் நின்றனர்; சிலர்க்குத் தம் குறையைப் பிறர் சொல்லக் கேட்பது கசந்தது. ஒத்திகையும் ஆட்டமுமாக உழைத்துக் களைத்தவர்களைப் பாடம் கேட்க உட்கார வைப்பது எளிதும் அன்று. 13 திங்கள் நடந்து, 1754 ஜூன் திங்களில் கழகம் நின்று போயிற்று. முதியோர்க்கு இரவு வகுப்பு நடத்திப் பார்த்த ஆசிரியர் எவரும் இதனைப் படித்து வியப்படையமாட்டார்.

பின்னர் ஷேனமான் நாடகத்தைவிடக் குதிரை வாங்கி விற்பதில் மிகுந்த நாட்டம் கொண்டார். குழு சீர்கெட்டது. 1757இல் எக்ஹோஃப் விலகினார். அதன்பின் பத்தாண்டுகள் கோக் என்பவரின் குழுவிலும், ஆக்கர்மான் என்பவரின் குழுவிலுமாகக் கழிந்தன. ஆக்கர்மான் குழுவில் பிரீட்ரிக் ஷ்ரோடர் என்னும் துடுக்கான இளைஞர் ஒருவர் இருந்தார். எக்ஹோஃபோடு அவருக்கு ஒத்துப் போகவில்லை. ஆயினும் மேடை ஓரத்தில் நின்று அவர் நடிப்பைக் கூர்ந்து நோக்கிக் கற்றார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஜெர்மன் மேடையில் நிலைபெறச் செய்த பெருநடிகராக ஷ்ரோடர் பிற்காலத்தில் விளங்கினார்.

1767ஆம் ஆண்டு எக்ஹோஃபின் பிறந்தகமான ஹாம்பர்க் நகரில் ஒரு புதுமை நிகழ்ந்தது. வணிகர் சிலர் ஒன்றுகூடிப் பொருள் திரட்டி, நிலையான நாடக அரங்கு ஒன்றை ஏற்படுத்தினர். அதற்குத் தேசிய நாடக அரங்கு என்று பெயரிட்டனர். அரசன் தயவில்லாமல், திரியும் குழுவாகவும் இல்லாமல், குடிமக்களே தம் மொழி நாடகத்திற்கு எடுத்த வீடு அது. அங்கே நடைபெறும் நாடகங்களை ஆராய்ந்து எழுதுவதற்கென்றே லெஸ்ஸிங் என்னும் பேரறிஞரை அமர்த்தினர். அவர் எழுதிய கட்டுரைகள் ஹாம்பர்க் நாடகவியல் என்னும் நூலாக இன்றும் பல்கலைக்கழகங்களில் பயிலப்படுகின்றன.

ஏப்ரல் 22ஆம் நாள் அரங்கின் திறப்பு விழா. அன்று ஆடிய நாடகம் ஒலிண்டும் சொப்ரோனியாவும் என்பது. அப்போது எக்ஹோஃப் நாட்டின் முதல் நடிகர் என்று பெயர் பெற்றுவிட்டவர், வயது 46. அன்று அவர் ஏற்றது தலைமை வேடம் அன்று. எவாண்டர் என்னும் முதியவரின் சிறு வேடமே அவருடையது. காவலன் வேடத்திற்கு முகம் வாடிய நம் மாணவனுக்கு நாம் சொல்ல விரும்பியது இந்த இடத்தைத்தான்.

அந்த நாடகத்தைப் பற்றி எழுதிய லெஸ்ஸிங், இச்சிறு வேடத்திற்குத் தம் கட்டுரையில் பெரிய இடம் கொடுத்தார். மிகச் சிறிய வேடத்திலும் இவர் முதல் நடிகர் என்பது விளங்கிவிடுகிறது என்றும், ஏனைய வேடங்களையும் இவரே ஏற்று நடிக்க முடியவில்லையே என்று வருந்த வேண்டியுள்ளது என்றும் கருத்துரைத்தார். அத்துடன் நில்லாமல், நாடகத்தில் வரும் அறவுரை வரிகளை எக்ஹோஃப் எவ்வாறு பேசினார் என்று நுணுக்கமாக ஆராய்ந்தார். அறவுரை என்றால் பிற நடிகர்கள் அவையை நோக்கித் திரும்பி முழங்குவர். எக்ஹோஃபோ, அந்த எண்ணம் அப்போதுதான் தம் உள்ளத்தில் தோன்றியதுபோல் பேசுவார். சலித்துப் போன பழமொழிகூட அவர் வாயில் புதிய உண்மையாய்க் கேட்டதாம்.

லெஸ்ஸிங் பிற நடிகரையும் இவ்வாறே ஆராய்ந்து எழுதத் தொடங்கினார். குறை சுட்டப்பட்ட நடிகை ஒருவர் சினங்கொண்டு பூசலை எழுப்பவே, நடிகர்களைப் பற்றி எழுதுவதையே அவர் விட்டுவிட்டார். ஷுவெரினில் நடிகர் கழகம் எதனால் நின்றதோ அதே காரணம் இங்கும் தலை காட்டியது. 

அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் நாள் லெஸ்ஸிங் எழுதிய மின்னா ஃபன் பார்ன்ஹெல்ம் என்னும் இன்பியல் நாடகம் அந்த அரங்கில் முதன்முதலாக ஆடப்பட்டது. போர் முடிந்து பணியிலிருந்து நீக்கப்பட்டு, பொருளும் பெயரும் இழந்து நிற்கும் தெல்ஹைம் என்னும் படைத் தலைவனாக எக்ஹோஃப் தோன்றினார். இதே எக்ஹோஃப், குடியானவன் ஒருவனுக்குத் திடீரெனச் சொத்து வந்து சேரும் நகை நாடகத்தில் யூர்கெ என்னும் அந்தக் குடியானவனாகவும் வருவார். அந்த வேடத்தில் நாட்டுப்புறத்தார் பேசும் வடபுலத்துக் கொச்சை மொழியைப் பேசுவார். ஏளனம் தோன்றாமல், வயற்காட்டிலிருந்து நேரே வந்தவன்போல் இருக்குமாம் அவர் பேச்சு. படைவீரர் வீட்டுப் பிள்ளை அல்லரா? அந்த மொழியை அவர் ஏட்டில் கற்கவில்லை.

ஆனால் அரங்கு தழைக்கவில்லை. நல்ல நாடகம் ஆடிய இரவுகளில் இருக்கைகள் காலியாய்க் கிடந்தன. மக்களை இழுக்க இடையிடையே கூத்தாட்டத்தையும் கழைக்கூத்தாடிகளையும் புகுத்த வேண்டி வந்தது. நடத்திய வணிகர்கள் கடனாளியாயினர். 1769இல் அரங்கு மூடப்பட்டது. நாற்பத்தெட்டு வயதில் எக்ஹோஃப் மீண்டும் வண்டியேறினார். அந்த வணிகர்களுள் ஒருவரான சைலர் என்பவர் நடத்திய குழுவோடு பல ஊர்கள் சென்றார்.

1771இல் வைமார் நகரக் கோமகள் அன்னா அமாலியா அக்குழுவைத் தம் அரண்மனைக்கு அழைத்தார். மூன்றாண்டுகள் நன்றாகக் கழிந்தன. 1774 மே திங்களில் அரண்மனையில் தீப்பற்றியது. அதனோடு நாடக அரங்கும் எரிந்து போயிற்று. நடிகர்கள் அண்டை அரசான கோத்தாவிற்குச் சென்றனர். அங்கே பிரீடன்ஸ்டைன் என்னும் அரண்மனை உண்டு. அதன் ஒரு கோபுரப் பகுதியில் 1680ஆம் ஆண்டுகளில் அமைத்த சிறு நாடக அரங்கு இருந்தது. 1775இல் சைலர் தம் குழுவோடு வேறிடம் சென்றபோது எக்ஹோஃப் உடன் செல்லவில்லை. கோத்தாவின் கோமகன் இரண்டாம் எர்ன்ஸ்ட் தாமே நிலையான நாடகக் குழு ஒன்றை ஏற்படுத்தினார். அதன் கலைப் பொறுப்பு எக்ஹோஃபிடம் ஒப்படைக்கப்பட்டது.

இக்குழுவின் சிறப்பு யாது? நடிகர்கள் அரண்மனையின் பிற ஊழியர்போல் முறையாகப் பணியமர்த்தப்பட்டு, திங்கள்தோறும் உறுதியான ஊதியம் பெற்றனர். ஆட்டம் நடந்தால்தான் கூலி என்னும் நிலை நீங்கியது. ஜெர்மன் மொழி நடிகர்க்கு இத்தகைய நிலையான அரசவை அரங்கு அமைந்தது அதுவே முதன்முறை. முப்பத்தைந்து ஆண்டுகள் வண்டியில் திரிந்த மனிதர்க்கு, இரவு படுத்த ஊரிலேயே மறுவாரமும் இருக்கலாம் என்னும் நிலை வந்தது. அன்றாடக் கூலி, திங்கட் சம்பளமாக மாறிய காலத்தை நம் மூத்தோர் சொல்லக் கேட்டவர்க்கு அதன் அருமை புரியும்.

எக்ஹோஃப் அத்துடன் மன நிறைவு அடையவில்லை. நடிகன் முதுமையில் என் செய்வான், இறந்தால் அவனை அடக்கம் செய்யப் பொருள் ஏது என்று எண்ணினார். நடிகர்களிடமிருந்து பணம் சேர்த்து, முதுமையில் உதவித்தொகையும் இறுதிச் செலவும் வழங்கும் நிதித் திட்டம் ஒன்றை வகுத்தார். நம் காலத்துச் சேமநிதியின் நினைவு நமக்கு எழுகிறது. திட்டம் அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை. ஜெர்மன் நாடகத்தின் வரலாற்றை எழுத வேண்டும் என்று குறிப்புகளும் சேர்த்து வந்தார், அதுவும் முடியவில்லை.

கோத்தாவில் இருந்தபோது அவரைத் தேடி ஓர் இளைஞன் வந்தான். ஹனோவர் நகரத்துப் பையன், பெயர் இஃப்லாண்ட். தந்தை அவனைச் சமயப் பணிக்கு அனுப்ப எண்ணியிருந்தார். அவனோ சிறுவயதில் எக்ஹோஃபின் நடிப்பைக் கண்டு அதனை மறக்க முடியாமல், 1777இல் பதினேழு வயதில் வீட்டை விட்டு ஓடி வந்துவிட்டான். (மாணவர்கள் இதனைப் பின்பற்றலாகாது; பெற்றோர் நம்மைத்தான் கேட்பர்.) எக்ஹோஃப் அவனைக் குழுவில் சேர்த்துக் கொண்டார். அவனோடு பெக், பைல் என்னும் வேறு இரு இளைஞரும் அங்கே பயின்றனர். ஷுவெரினில் வயது வந்த நடிகர்கள் கேட்க மறுத்த பாடத்தைக் கோத்தாவில் இந்தப் பிள்ளைகள் கேட்டனர்.

1778ஆம் ஆண்டு ஜனவரியில் வைமார் அரண்மனையிலிருந்து எக்ஹோஃபுக்கு அழைப்பு வந்தது. அங்கே அரச குடும்பத்தாரும் நண்பர்களும் தாமே நாடகம் ஆடி மகிழ்வது வழக்கம். அம்முறை அவர்கள் ஆடியது மேற்கிந்தியன் என்னும் ஆங்கில நாடகத்தின் ஜெர்மன் வடிவம். அதில் இளைய கதைத் தலைவனாக நடித்தவர் மகாகவி கதே. மற்றொரு வேடம் ஏற்றவர் நாட்டை ஆளும் கோமகன் கார்ல் ஆகஸ்டு. தந்தை வேடம் எக்ஹோஃபுக்கு. அந்நாளில் அவர் கதேயோடு அமர்ந்து உண்டு, தம் வாழ்க்கைக் கதையைச் சொன்னார். கதே அதனைத் தம் நாட்குறிப்பில் பதிந்து வைத்தார். அதிகாரி வீட்டு வண்டியின் பின்புறத்துக் கதையையும் அன்று சொன்னாரோ என்னவோ!

ஊர் திரும்பிய அவர் பிப்ரவரித் திங்களில் ஹாம்லெட் நாடகத்தில் இறந்துபோன மன்னனின் ஆவியாகத் தோன்றினார். சிறிது நேரமே மேடையில் வரும் வேடம் அது. அதுவே அவர் கடைசியாக ஏற்ற வேடம். உடல் நலிந்து, ஜூன் 16ஆம் நாள் கோத்தாவிலேயே உயிர் துறந்தார். ஐம்பத்தெட்டு வயது நிறையவில்லை.

அடுத்த ஆண்டே கோமகன் அக்குழுவைக் கலைத்துவிட்டார். இஃப்லாண்டும் பெக்கும் பைலும் மன்ஹைம் நகரத்துத் தேசிய அரங்கில் வேலை பெற்றுச் சென்றனர். 1782ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், ஷில்லர் என்னும் இளம் புலவர் எழுதிய கள்வர் என்னும் முதல் நாடகம் அங்கே அரங்கேறி நாட்டையே உலுக்கியது. அதில் கொடிய தம்பியாக நடித்து அவையை நடுங்க வைத்தவர், கோத்தாவிற்கு ஓடி வந்த அதே இஃப்லாண்ட். பின்னாளில் அவர் பெர்லின் தேசிய அரங்கின் தலைவராகப் பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றினார்.

கோத்தா அரண்மனையின் சிறு அரங்கு இடிபடாமல் தப்பியது. மேடைக்குக் கீழே மரத்தாலான பெரிய உருளை ஒன்று உண்டு. ஆட்கள் நின்று அதனைச் சுற்றினால், கயிறுகள் இழுபட்டு, மேடையின் இருபுறத்துத் தட்டிகளும் ஒரே நேரத்தில் நகரும். அவையோர் கண்ணெதிரே, சில நொடிகளில், காடு மறைந்து அரண்மனை தோன்றும். அந்தப் பழம்பொறி செப்பனிடப்பட்டு, 1996 முதல் கோடைக்கால நாடக விழாக்களில் மீண்டும் இயக்கப்பட்டது. அரண்மனையைக் கட்டியவர்கள் கோமகன்கள். அதனுள் இருக்கும் அரங்கிற்கு வைத்திருக்கும் பெயர் எக்ஹோஃப் அரங்கு.